கண்ணாடியைக் கழற்றச் சொன்ன டாக்டர்: வில்லியம் பேட்ஸின் கதை

"டேய், புள்ளைக்குக் கண்ணாடி போட்டுடாத. ஒரு தடவை போட்டா பவர் ஏறிக்கிட்டேதான் போகும். பயிற்சியிலயே சரி பண்ணிடலாம்."

மூன்று மாதத்துக்கு முன் சித்தப்பா போனில் சொன்னது இது. என் மகளுக்கு ஒன்பது வயது. கரும்பலகையில் எழுதியதைப் படிக்க எழுந்து முன்னால் வருகிறாள் என்று பள்ளியில் சொன்னார்கள். கண் மருத்துவரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.75.

சித்தப்பா சொன்னதைச் சும்மா ஒதுக்கிவிட முடியவில்லை. காரணம் உண்டு. எனக்குப் பதினான்கு வயதில் இதே மாதிரி பவர் வந்தபோது, அவர் பேச்சைக் கேட்டு ஒரு வருடம் கண்ணாடி போடாமல் இருந்தவன் நான். 'சோடாபுட்டி' என்று பையன்கள் கூப்பிடுவார்களே என்ற பயம் வேறு. சித்தப்பா அலமாரியில் பழுப்பேறிய ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அதில் சொன்னபடி தினமும் காலையில் உள்ளங்கையால் கண்ணைப் பொத்தி உட்காருவேன். ஜன்னல் கம்பிகளைப் பார்த்தபடி இடமும் வலமும் ஆடுவேன். சுவரில் ஒட்டிய எழுத்து அட்டையை மேலிருந்து கீழ் வரை படிப்பேன். ஆச்சரியம், இரண்டே மாதத்தில் கீழிருந்து மூன்றாவது வரி வரைக்கும் படித்தேன்! ஆனால் வகுப்பில் மட்டும் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். அந்த அட்டை எனக்கு மனப்பாடமாகியிருந்தது என்பது புரிய ரொம்ப நாள் ஆனது.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் பெயர் வில்லியம் ஹொரேஷியோ பேட்ஸ். கண்ணாடியும் ஆபரேஷனும் இல்லாமல் பார்வையைச் சரிசெய்யலாம் என்று இன்று யூடியூபில் வரும் வீடியோக்கள் பல, தெரிந்தோ தெரியாமலோ, இவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கின்றன. சித்தப்பாவுக்கு ஒழுங்கான பதில் சொல்லவேண்டும் என்பதற்காக அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

போலி டாக்டர் இல்லை

முதலில் எனக்கிருந்த ஒரு தப்பான எண்ணம் போனது. பேட்ஸ் போலி மருத்துவர் இல்லை. 1860-ல் நியூஜெர்சியின் நியூவர்க்கில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து, 1885-ல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் வாங்கினார். அங்கேயே கண் மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். 1890-களில் அட்ரினல் சுரப்பியின் சாற்றைக் கண்ணில் விட்டால் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்தக் கசிவு குறையும் என்று கண்டுபிடித்து, மருத்துவ இதழில் எழுதினார். அட்ரினலின் என்ற பெயரே புழக்கத்துக்கு வராத காலம் அது.

அப்புறம் ஒரு விசித்திரம். 1902-ல் ஒருநாள் திடீரென்று காணாமல் போனார். சில வாரங்கள் கழித்து லண்டனில் ஒரு மருத்துவமனையில் கண்டுபிடித்தார்கள். பழைய நினைவே இல்லாதவர் மாதிரி இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் மறுபடி மறைந்தார். 1910-ல் சக கண் மருத்துவர் ஒருவர் அமெரிக்காவின் நார்த் டகோட்டாவில், கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊரில், அவர் மருத்துவம் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, நியூயார்க்குக்கே திரும்ப அழைத்துவந்தார்.

திரும்பி வந்த பேட்ஸ் எழுப்பிய கேள்வி நல்ல கேள்வி என்பதை ஒத்துக்கொள்ளவேண்டும். பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஏன் இத்தனை பேருக்குக் கிட்டப்பார்வை வருகிறது? கண்ணாடி கொடுப்பது சரி, வராமல் தடுக்க என்ன செய்கிறோம்? கிராண்ட் ஃபோர்க்ஸ் பள்ளிகளில் ஸ்னெல்லன் எழுத்து அட்டையை வகுப்பறையில் மாட்டி, பிள்ளைகளைத் தினமும் படிக்க வைத்தாராம். அதனால் பார்வைக் குறைவு தடுக்கப்பட்டது என்று 1911-ல் கட்டுரை எழுதினார்.

மறுபடி அதே அட்டை. தினமும் அதே எழுத்துகள். அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

1920-ன் புத்தகம்

1920-ல் பேட்ஸ் தன் புத்தகத்தை வெளியிட்டார். அதன் மையக் கருத்து இதுதான்: நாம் பக்கத்திலும் தூரத்திலும் மாறி மாறித் தெளிவாகப் பார்க்க முடிவதற்குக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் காரணமே இல்லை. கண் உருண்டையைச் சுற்றி வெளியே இருக்கும் தசைகள் கண்ணை நீட்டியும் சுருக்கியும் ஃபோகஸ் செய்கின்றன. மனசு இறுக்கமானால் அந்தத் தசைகள் இறுகும், பார்வை கெடும். மனசைத் தளர்த்தினால் பார்வை திரும்பும். கண்ணாடி என்பது ஊன்றுகோல், அது நோயை நிலைக்க வைக்கும்.

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது, இல்லையா? கிட்டப்பார்வை, தூரப்பார்வை, மாறுகண், நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்து என்று எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், ஒரே மருந்து. பதினைந்து பக்ஸுக்கும் ஒரே காரணம் என்று யாராவது சொன்னால் எங்கள் டீமில் உடனே சந்தேகப்படுவோம்!

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருத்து பேட்ஸுக்கு 120 வருடம் முன்பே சோதிக்கப்பட்டுத் தோற்றுப்போனது. சோதித்தவர் தாமஸ் யங். ஒளி அலை என்று காட்டினாரே, அதே யங். 1801-ல் வெளியான கட்டுரையில் தன் கண்ணையே ஆய்வுக்கூடமாக்கினார். ஃபோகஸ் மாறுவது கண்ணின் முன்பக்க வளைவு மாறுவதாலா? அதைப் பார்க்கக் கண்ணுக்கு முன்னால் தண்ணீரை வைத்து அந்த வளைவின் வேலையை ரத்து செய்தார். அப்போதும் ஃபோகஸ் மாறியது. சரி, கண் உருண்டை நீள்வதாலா? கண்ணை மூக்குப் பக்கம் திருப்பி, உருண்டையின் முன்னாலும் பின்னாலும் உலோகத்தை வைத்து இறுக்கினார் (படிக்கும்போதே எனக்குக் கண் கூசியது). கண் நீள்வதற்கு இடமே இல்லை. அப்போதும் பக்கத்துப் பொருளைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. கண்புரைக்காக லென்ஸ் எடுக்கப்பட்டவர்களையும் சோதித்தார், அவர்களிடம் ஃபோகஸ் மாற்றும் சக்தி இல்லை. மிச்சமிருந்தது லென்ஸ்தான். பிறகு 1850-களில் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ், லென்ஸின் மேல் விழும் ஒளிப் பிரதிபலிப்பை அளந்து, பக்கத்தில் பார்க்கும்போது லென்ஸ் உப்புகிறது என்று காட்டினார்.

பேட்ஸ் இதையெல்லாம் படிக்காதவர் இல்லை. மீன், முயல் கண்களின் வெளித்தசைகளை வெட்டியும் மின்சாரம் பாய்ச்சியும் சோதனை செய்து, ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவறு என்றார். ஆனால் மீன் ஃபோகஸ் செய்யும் விதமே வேறு, அது லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. இன்னும் எளிய மறுப்பு எந்தக் கண் மருத்துவமனையிலும் தினமும் நடக்கிறது. கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டால் கண்ணுக்குள் இருக்கும் சிலியரி தசை செயலிழக்கும். வெளித்தசைகளுக்கு ஒன்றும் ஆகாது, கண்ணை நாலா பக்கமும் உருட்டலாம். ஆனால் பக்கத்திலிருக்கும் எழுத்து மங்கிவிடும். பேட்ஸ் சொன்னது சரியென்றால் இது நடக்கக்கூடாது.

ஹக்ஸ்லியும் பூதக்கண்ணாடியும்

அப்படியிருந்தும் இந்த முறை ஏன் சாகவில்லை? 1929-ல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம், தவறான விளம்பரம் என்று பேட்ஸ் மேல் புகார் பதிவு செய்தது. 1931-ல் அவர் இறந்தும் போனார். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியாததற்கு ஒரு பெரிய காரணம் ஆல்டஸ் ஹக்ஸ்லி. பதின்ம வயதில் கருவிழி அழற்சியால் ஏறக்குறைய ஒன்றரை வருடம் பார்வையில்லாமல் பிரெய்ல் கற்றுக்கொண்டவர். 1939-ல், பேட்ஸ் முறையைச் சொல்லிக்கொடுத்த மார்கரெட் கார்பெட் என்பவரிடம் பயிற்சி எடுத்தார். சில மாதங்களில் கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன் என்றார். 1942-ல் 'தி ஆர்ட் ஆஃப் சீயிங்' என்று புத்தகமே எழுதினார். அவ்வளவு பெரிய எழுத்தாளர் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

பத்து வருடம் கழித்து, 1952-ல், பதிப்பாளர் பென்னட் செர்ஃப் ஒரு சம்பவத்தை எழுதினார். ஹாலிவுட் விருந்து ஒன்றில் ஹக்ஸ்லி கண்ணாடியில்லாமல் உரையை வாசிக்கிறார், சரளமாகப் போகிறது. திடீரென்று தடுமாறுகிறார். காகிதத்தைக் கண்ணுக்கு அருகே, இன்னும் அருகே கொண்டுபோகிறார். கடைசியில் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்கிறார். அதுவரை அவர் வாசிக்கவே இல்லை, மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார்.

இதைச் சொல்லி ஹக்ஸ்லியைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு மனசு வரவில்லை. வெளிச்சம் சரியில்லாத இடத்தில் பூதக்கண்ணாடி வேண்டும் என்பதை அவரே மறைத்ததில்லை. யாரையும் ஏமாற்ற அவர் அப்படிச் செய்ததாக நான் நினைக்கவில்லை. என் அறைச் சுவரில் இருந்த அட்டையை நானும் ஏமாற்ற நினைத்துப் படிக்கவில்லை.

இந்தியாவுக்கும் இது வந்தது. டாக்டர் ஆர். எஸ். அகர்வால் பேட்ஸின் வழியை எடுத்துக்கொண்டு 'மைண்ட் அண்ட் விஷன்' என்ற புத்தகத்தை எழுதினார். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தோடு சேர்ந்த கண் பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார். நம் பக்கம் பலருக்கு உள்ளங்கையால் கண் பொத்துவது தெரிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் தெளிவாகத் தெரிந்தது எது?

பயிற்சி செய்தவர்களுக்குக் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது பொய்யில்லை. எனக்கே தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றி இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால், மங்கலான படத்தையே மூளை கொஞ்சம் நன்றாகப் படிக்கப் பழகிக்கொள்ளும். அட்டையில் ஒன்றிரண்டு வரி கூடுதலாகவும் படிக்க முடியும். ஆனால் அப்போது கண்ணின் பவரை அளந்தால் அதே பவர்தான். கண்ணை இடுக்கினாலும், கண்ணீர்ப் படலம் ஒரு நொடி சரியாக அமைந்தாலும் தெளிவு வரும். ரொம்ப நேரம் பக்கத்திலேயே பார்த்துச் சிலியரி தசை இறுகிப்போன பொய்க் கிட்டப்பார்வையும் உண்டு. அது ஓய்வில் நிஜமாகவே சரியாகும். பார்ப்பது வேறு, கண் வேறு. பேட்ஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டார். அவருடைய புத்தகத்தில் குணமானவர்களின் கதைகள் நிறைய உண்டு.

நிஜக் கிட்டப்பார்வையில் கண் நீளமாக வளர்ந்திருக்கிறது. பெரியவர்களின் கண் சுமார் 24 மில்லிமீட்டர் நீளம். ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று டயாப்டர் பவர். எனக்கு இன்று மைனஸ் ஐந்து, அதாவது இரண்டு மில்லிமீட்டர் போல அதிகம். வளர்ந்த உயரத்தைத் தியானம் செய்து குறைக்க முடியாது. இதையும் அப்படித்தான்.

உள்ளங்கையால் கண்ணை மூடி உட்காருவதில் கெடுதல் இல்லை, சுகமாகத்தான் இருக்கும். ஆனால் சூரியனை நேராகப் பார்க்கச் சொன்னதும், பூதக்கண்ணாடியால் வெயிலைக் கண்ணின் வெள்ளைப் பகுதியில் குவித்ததும் பேட்ஸ் புத்தகத்தில் இருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விழித்திரை வெந்துபோனால் அந்த இடத்தில் போன பார்வை திரும்பாமலே போகலாம்.

அந்த நல்ல கேள்வி

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது என்ற கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைக்க ஆரம்பித்திருக்கிறது. சீனாவின் குவாங்சூவில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்து 2015-ல் வெளியிட்டார்கள். ஆறு பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்டார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம், மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம். பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமினைத் தூண்டி, கண் நீள்வதை மெதுவாக்குகிறது என்பது இன்றைய விளக்கம். பேட்ஸ் அட்டையை வகுப்பில் மாட்டுவதற்குப் பதில் பிள்ளைகளை வெளியே அனுப்பியிருக்கலாம்!

கவனியுங்கள், இது வருவதைக் குறைப்பது. வந்ததைத் திருப்புவது இல்லை.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்ற பயத்துக்கும் ஆய்வு உண்டு. மலேசியாவில் 94 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வேண்டுமென்றே குறைந்த பவர் கண்ணாடி கொடுத்து இரண்டு வருடம் பார்த்தார்கள். முடிவு 2002-ல் வந்தது. குறைத்துக் கொடுத்தவர்களுக்குத்தான் அதிகம் ஏறியிருந்தது, முழுப் பவர் போட்டவர்களுக்கு 0.77, இவர்களுக்கு 1.00 டயாப்டர். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி சொல்லவில்லை. அதனால் என் அந்த ஒரு வருடம்தான் என்னை மைனஸ் ஐந்தில் கொண்டுவந்து விட்டது என்று சொல்லமாட்டேன். அந்த வருடம் கணக்கில் நான் கோட்டைவிட்டதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவைப் பார்க்கப் போனோம். மூக்கில் கண்ணாடியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் படித்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அந்த டாக்டர் பொய்யா சொன்னாருங்கிற?" என்றார்.

"இல்ல சித்தப்பா, அவர் நம்பித்தான் சொன்னார். சரியா சோதிச்சுப் பார்க்கல, அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "உன் கண்ணாடியக் காட்டு பாப்பா" என்று வாங்கிப் பார்த்து, தன் வேட்டி நுனியால் துடைத்து அவரே மாட்டிவிட்டார். "போ, வெயில் தாழுற வரைக்கும் வெளியில விளையாடு."

இப்போது தினமும் மாலை ஒரு மணி நேரம் அவளோடு பூங்காவுக்குப் போகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை. அடுத்தது ஜூலையில். பவர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் இங்கே எழுதுகிறேன்.