கைக்கட்டுச் செயலி

கைக்கட்டுச் செயலி: கடையில் ஒரே சில்லாகக் கிடைக்கும் மைக்ரோபிராசஸரை வாங்காமல், ரிலே, டிரான்சிஸ்டர், எளிய தருக்க ஐசி போன்ற அடிப்படை உறுப்புகளைக் கொண்டு ஒருவரோ சிறு குழுவோ தாமே கட்டும் கணிப்பொறிச் செயலி. நினைவகத்திலிருந்து கட்டளையை எடுப்பது, அதன் பொருளை அறிவது, கணக்கைச் செய்வது, விடையைப் பதிவகத்தில் வைப்பது ஆகிய எல்லா வேலைகளுக்கும் உரிய சுற்றுகள் இதில் கண்ணுக்குத் தெரியும்படி விரிந்து கிடக்கும். இன்று இது பெரும்பாலும் பொழுதுபோக்கு. ஆனால் கணிப்பொறி வேண்டுமென்றால் கட்டித்தான் ஆக வேண்டும் என்றிருந்த காலமும் உண்டு. இந்தியாவின் கணிப்பொறி வரலாற்றின் தொடக்கப் பகுதி அந்தக் காலத்துக்கு உரியது.

வீட்டில் செயலி கட்டியவர்களில் மூத்தவர் ஜெர்மானியப் பொறியாளர் கொன்ராட் சூசே. 1936-இல் பெர்லினில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் வேலையைத் தொடங்கி, உலோகத் தகடுகளால் இயங்கும் இசட்-1 பொறியை 1938-இல் முடித்தார். அது ஒழுங்காக ஓடவில்லை. தகடுகளை விட்டு ரிலேக்களுக்கு மாறி, 1941-இல் அவர் முடித்த இசட்-3, கட்டளைத் தொடரைப் படித்துத் தானே இயங்கியது.

தன் கருவியைத் தானே செய்துகொள்ளும் வழக்கத்துக்குப் பழனி மலையில் இன்னும் பழைய சான்று இருக்கிறது. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு 1907-இல் வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட், இங்கிலாந்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டு சொந்த ஆர்வத்தால் சூரியனை ஆராய்ந்தவர். கொடைக்கானலில் தாமே அமைத்த நிறமாலைக் கருவியைக் கொண்டு, சூரியப் புள்ளிகளில் வாயு ஆரவாக்கில் வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் கண்டறிந்தார். இன்று உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. அந்தக் கருவி கணிப்பொறி அல்ல. ஆயினும் பொழுதுபோக்காளரின் கைவேலை அறிவியலில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் மண்ணில் இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் 1953-இல் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சமரேந்திர குமார் மித்ராவின் வழிகாட்டலில் நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒப்புமைக் கணிப்பொறி ஒன்று உருவானது. எண்முறைச் செயலியை முழுமையாக இங்கேயே வடிவமைத்துக் கட்டிய பெருமை பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகத்துக்கு உரியது. அங்கே உருவான பொறிதான் டிஃப்ராக்.

இதன் மையத்தில் இருந்தவர் சென்னையில் 1926-இல் பிறந்த ஆர். நரசிம்மன். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் கால்டெக்கில் பொறியியலும் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணித முனைவர் பட்டமும் முடித்து, கழகத்தின் நிறுவனர் ஹோமி பாபாவின் அழைப்பில் 1954-இல் பம்பாய்க்கு வந்தார். குழு மிகச் சிறியது. நரசிம்மனைத் தவிர மற்றவர்கள் அதற்கு முன் கணிப்பொறியைப் பயன்படுத்தியவர்களே அல்லர். கணிதவியலாளர் வான் நாய்மனின் பிரின்ஸ்டன் வடிவமைப்பைப் பின்பற்றி, 256 சொற்கள் கொள்ளும் நினைவகத்துடன் ஒரு முன்மாதிரியை 1956-இல் ஓடவிட்டார்கள். கொள்கை பிடிபட்டதா, சாலிடர் இணைப்புகள் நிற்கின்றனவா, நினைவகத்தின் ஃபெரைட் வளையங்களில் எழுதியது திரும்பி வருகிறதா என்று சிறிய அளவில் உறுதிசெய்த பிறகே பெரிய பொறியில் கைவைத்தார்கள். செயலி கட்டப் புறப்படும் எவரும் மனத்தில் நிறுத்த வேண்டிய வரிசை இது.

முழுப் பொறியில் சுமார் 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மானியம் டையோடுகள், 12,500 மின்தடைகள் இருந்தன. சொல் ஒன்றுக்கு 40 பிட். 1960-இல் பணிக்கு வந்த அதற்கு 1962-இல் பிரதமர் நேரு பெயர் சூட்டினார். அதற்குள் உலகம் வால்வை விட்டு டிரான்சிஸ்டருக்கு நகர்ந்துவிட்டது. சில ஆண்டுகளில் இறக்குமதியான சிடிசி 3600 கணிப்பொறி அந்த இடத்தைப் பிடித்தது. இதை வைத்து டிஃப்ராக்கை வீண் முயற்சி என்பது தவறு. நரசிம்மன் பின்னர் இந்தியக் கணிப்பொறிச் சங்கத்தின் முதல் தலைவரானார். இந்தியப் புள்ளியியல் கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1966-இல் டிரான்சிஸ்டர்களால் ஆன ஐஎஸ்ஐஜேயு-1 பொறியை முடித்தன. கட்டத் தெரிந்த ஒரு தலைமுறை உருவானதுதான் இவ்விரு முயற்சிகளின் பெரிய விளைவு.

தனி மனிதர் கைக்கு இந்த வேலை பரவலாக எட்டியது 1960-களில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வெளியிட்ட 7400 வரிசை ஐசிகளால். 5 வோல்ட்டில் இயங்கும் இவற்றில் ஒவ்வொன்றும் சில தருக்க வாயில்களையோ ஒரு கூட்டியையோ ஒரு பதிவகத்தையோ கொண்டிருக்கும். 1970-இல் வந்த 74181, நான்கு பிட் எண்களைக் கூட்டவும் கழிக்கவும் ஒப்பிடவும் வல்லது. இரண்டை அடுத்தடுத்து இணைத்தால் எட்டு பிட் கணக்கு அலகு தயார். ஆல்பர்ட் பால் மால்வினோ தம் 1977 பாடநூலில் விளக்கிய சாப்-1 என்ற 16 பைட் நினைவகமுள்ள சிறு கணிப்பொறி, இந்தியப் பொறியியல் மாணவர் பலருக்கு அறிமுகமானது. அதையே அடிப்படையாகக் கொண்டு பென் ஈட்டர், சாலிடர் இல்லாமல் செருகி இணைக்கும் பிரெட்போர்டில் கட்டிக் காட்டிய எட்டு பிட் பொறியின் காணொளிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்களை இந்த வேலையில் இறக்கின. கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் நியூமன் 2016-இல் முடித்த மெகாபிராசஸர், 40,000-க்கு மேற்பட்ட தனி டிரான்சிஸ்டர்களால் ஆன, பத்து மீட்டர் நீளச் சுவர்.

வேலையின் கடினம் தருக்கத்தில் அதிகம் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது. இணைக்காமல் விட்ட உள்ளீட்டுக் கால் தன் போக்கில் 0 என்றும் 1 என்றும் ஆடக்கூடும். ஒவ்வொரு ஐசிக்கும் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இல்லாவிட்டால், பல வாயில்கள் ஒரே கணத்தில் மாறும்போது மின்னழுத்தம் சரிந்து பதிவகம் தப்பான எண்ணைப் பிடித்துக்கொள்ளும். பிரெட்போர்டின் தளர்ந்த துளை ஒன்று நாள்கணக்கில் அலைக்கழிக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் 555 ஐசியால் மெதுவான துடிப்பைச் செய்து, விநாடிக்கு ஒரு அடியாகப் பொறியை நகர்த்தி, ஒவ்வொரு இணைப்பிலும் எல்இடி விளக்கை வைத்துப் பார்க்கிறார்கள்.

இன்றைய தமிழ்நாட்டில் இந்த வழி இன்னும் நீண்டிருக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுபவை. 2018-இல் ஒன்று இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையிலும், மற்றொன்று சண்டிகரை அடுத்த மொஹாலியில் 180 நானோமீட்டர் முறையிலும் சில்லாகின. வடிவமைப்பு எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. வேண்டிய சுற்றாக மாற்றியமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சில்லுள்ள பலகை வைத்திருப்பவர் அதை இறக்கி, மாற்றி, ஓட்டிப் பார்க்கலாம்.

ஆயினும் முதல் செயலியை ஐசிகளால் கட்டுவதே நல்லது. வேண்டிய உறுப்புகள் சென்னை ரிச்சி தெருவில் சில்லறையாகக் கிடைக்கின்றன. பெரும்பாலான பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. கூட்டியைத் தனியாகவும் எண்ணியைத் தனியாகவும் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டுக் கழற்றும் மாணவர்களை, அவற்றை ஒன்றாக இணைத்து ஒரு செயலியாக ஓட வைக்கும் வரை தொடரக் கல்லூரிகள் ஊக்குவிக்க வேண்டும்.