கண் காயம், குழந்தைகளில்
குழந்தைகளின் விழிக்கோளம், இமை, கண்குழி எலும்பு, பார்வை நரம்பு ஆகியவற்றுக்கு வெளி விசையாலோ வேதிப்பொருளாலோ நேரும் சேதம். விழிச்சுவர் முழு ஆழமும் கிழிந்தது திறந்த காயம். பந்து பட்டு உள்ளே இரத்தம் தேங்குவது போன்றவை மூடிய காயம். பென்சில், கம்பி, பட்டாசு, சுண்ணாம்பு ஆகியன வழக்கமான காரணிகள். சுண்ணாம்பு காரமாதலால் திசுவுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும். உடனே நீரால் நெடுநேரம் கழுவ வேண்டும். ஏறத்தாழ 8 வயதுவரை பார்வை முதிர்வதில்லை. ஆகவே காயம் ஆறியபின்னும், மூளை அக்கண்ணின் பார்வையைப் புறக்கணிக்கும் சோம்பேறிக் கண் உண்டாகலாம். பெரியோரினும் குழந்தைக்கு இழப்பு மிகுவது இதனாலேயே. பார்வையற்றோருக்கான புள்ளியெழுத்தை உருவாக்கிய பிரான்சின் லூயி பிரெயில் 1812இல், 3 வயதில், தந்தையின் தோல் பட்டறையில் குத்தூசி பட்டு ஒரு கண்ணில் காயமுற்றார். பாதிப்பு மறுகண்ணுக்கும் பரவி, 5 வயதில் இரு கண் பார்வையும் போயிற்று. குத்திய பொருளை வீட்டில் பிடுங்கலாகாது. கண்ணை அழுத்தாமல் மூடி மருத்துவரிடம் கொண்டுசெல்க.