குதிரைக்குட்டி பிறந்த முதல் நாள்: '1-2-3 கணக்கு' தெரியுமா?

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருந்த காயல் துறைமுகத்தில், 13-ஆம் நூற்றாண்டில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கின. இங்குள்ள மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் வாங்குவார், ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சாது என்று எழுதியிருக்கிறார் பயணி மார்க்கோ போலோ. பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததுதான் காரணம் என்கிறார் அவர்.

இன்று மார்வாரி, கத்தியவாரி குதிரைகளைத் தமிழ்நாட்டில் பலர் ஆசையாக வளர்க்கிறார்கள். ஆனால் 11 மாதம் காத்திருந்து பிறக்கும் குட்டியை ஒரே நாளில் பறிகொடுக்கும் ஆபத்து இப்போதும் உண்டு. தவிர்ப்பது எப்படி?

எப்போது இணை சேர்க்கலாம்?

பெண் குதிரைக்கு 3 வயதாவது முடிந்திருப்பது நல்லது. சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அது 5 முதல் 7 நாள் நீடிக்கும். கருமுட்டை வெளிவருவது பருவத்தின் கடைசி ஓரிரு நாளில்தான். முதல் நாளே சேர்த்துவிட்டு, "சினை நிக்கலையே"ன்னு புலம்பிப் பயனில்லை.

சேர்த்த 14 முதல் 16 நாளில் ஸ்கேன் பார்ப்பது அவசியம். இரட்டைக் கரு இருந்தால் அப்போதே மருத்துவர் கவனிக்க வேண்டும். குதிரையில் இரட்டைக் கரு பெரும்பாலும் கலைந்துவிடும்.

ஈனும் நேரத்தை எப்படி அறிவது?

சினைக்காலம் சராசரியாக 340 நாள். ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். மடி பெருத்து, காம்பு நுனியில் மெழுகு போலத் திரண்டால் நாள் நெருங்கிவிட்டது. பெரும்பாலும் இரவில்தான் ஈனும்.

பனிக்குடம் உடைந்து அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். முதலில் வெளிறிய வெள்ளைப் பை தெரிவது இயல்பு. அதற்குப் பதிலாக வெல்வெட் போலச் சிவந்த பை வந்தால் குட்டிக்கு மூச்சு கிடைக்காது. மருத்துவருக்காகக் காத்திருக்காமல் அந்தப் பையை உடனே கிழித்து, குட்டியை வெளியே எடுக்க வேண்டும்.

1-2-3 கணக்கு என்றால் என்ன?

குட்டி 1 மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும். 2 மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். 3 மணி நேரத்தில் தாய்க்கு நஞ்சுக்கொடி முழுசாக விழ வேண்டும். இதில் எது தவறினாலும் "விடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்று இருக்கக் கூடாது.

விழுந்த நஞ்சுக்கொடியைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் தாய்க்குக் குளம்பு நோய்வரை கொண்டுபோய்விடும். தொப்புள்கொடியை அறுக்க வேண்டாம், தானாக அறுபடட்டும். பிறகு மருத்துவர் சொன்ன கிருமிநாசினியில் நனைத்தால் போதும்.

சீம்பால் ஏன் இவ்வளவு முக்கியம்?

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் கருவிலேயே கிடைத்துவிடும். குதிரைக்குட்டிக்கு அப்படி இல்லை, எல்லாம் சீம்பாலில்தான். அதை உறிஞ்சும் திறன் குடலுக்கு முதல் 6 மணி நேரத்தில் நன்றாக இருக்கும், 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். மறுநாள் எவ்வளவு ஊட்டினாலும் அந்த எதிர்ப்புச் சக்தி வராது.

ஈனுவதற்கு முன்பே தாய்க்குச் சீம்பால் ஒழுகிப்போயிருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். குட்டி முதல் நாளுக்குள் கருஞ்சாணி போடுகிறதா என்றும் பாருங்கள்.

வள்ளியூர் பக்கம் உதவி எங்கே?

திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் வள்ளியூரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 எண் உண்டு. நள்ளிரவில் யார் வருவார், எந்த வண்டியில் கொண்டுபோவது என்பதை மெழுகு தெரியும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரக் கணக்கில் தேடுவதற்கு நேரம் இருக்காது.