பார்சலோனாவில் இறங்கிய 'இந்தியோ'

1882 ஜூன் 16ஆம் நாள் பார்சலோனாவுக்கு வந்து சேர்ந்த ஹோசே ரிசாலுக்கு 21 வயது நிறைய இன்னும் மூன்று நாள்கள் இருந்தன. 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் ஸ்பானிய அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. அந்த முடிவிலிருந்து பின்னோக்கியே அவருடைய மாணவப் பருவமும் பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. அதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுப் படிக்க வந்த இளைஞரின் முதல் வாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் வேறொன்று புலப்படும்.

அவர் புறப்பட்ட விதமே மறைவானது. பெற்றோருக்குத் தெரியாது. அண்ணன் பசியானோவுக்குத் தெரியும். செலவுக்குப் பணம் திரட்டித் தந்தவரும் அவரே. 1872இல் மூன்று பாதிரியார்கள் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டபோது, அவர்களுள் ஒருவரான புர்கோசுக்கு நெருக்கமானவர் என்பதால் பசியானோ அரசின் ஐயத்துக்கு ஆளாகியிருந்தார். அந்த நிழல் தம்பியின்மேல் விழலாகாது என்றுதான் 'மெர்காடோ' என்ற குடும்பப்பெயருக்குப் பதிலாகப் பள்ளியில் 'ரிசால்' என்ற பெயர் வழங்கப்பட்டது. இப்போது ஊரைவிட்டு வெளியேறும் கடவுச்சீட்டிலோ மீண்டும் ஹோசே மெர்காடோ. மே 3ஆம் நாள் மணிலாவில் கப்பலேறினார். சிங்கப்பூரில் பிரெஞ்சுக் கப்பலுக்கு மாறிக் காலி, கொழும்பு, ஏடன், சூயஸ் வழியாக மார்சேய் சேர்ந்தார். புத்தகத்தில் கற்ற பிரெஞ்சு கப்பலில் எவருக்கும் விளங்கவில்லை. மார்சேயிலிருந்து பிரனீஸ் மலையைக் கடந்து வந்தது இரயிலில்.

பார்சலோனா முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. தங்கிய விடுதி அழுக்கானது, தெரு குறுகியது, பணியாளர்கள் ஏனென்று கேட்கவில்லை. நகரின் அகன்ற வீதிகளையும் மக்கள் அச்சமின்றிப் பேசுவதையும் கண்ட பிறகே கருத்து மாறியது. வெளிநாட்டில் படிக்கப் போன எவருக்கும் நேர்வதுதான் இது. இதில் வரலாறு எதுவும் இல்லை. வரலாறு தெருவில் இருந்தது.

அவ்வீதிகளில் நடந்தபோது பார்த்தவர்கள் அவரைச் சீனர் என்றனர், ஜப்பானியர் என்றனர், அமெரிக்கர் என்றும் சொன்னார்கள். பிலிப்பைன்ஸ்காரர் என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்த வேதனையை அவரே எழுதிவைத்திருக்கிறார். ஸ்பெயின் அத்தீவுகளை ஆளத் தொடங்கி முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது. ரிசால் ஸ்பானியக் குடிமகர், ஸ்பானிய மொழியில் கவிதை எழுதிப் பரிசு பெற்றவர். பேரரசின் தலைமுனையில் அந்த மொழியும் அந்தக் குடிமையும் அவரை அடையாளம் காட்டப் போதுமானவையாக இல்லை. ஆளப்படுபவர் ஆள்பவரை மனப்பாடமாக அறிந்திருக்க, ஆள்பவருக்கு ஆளப்படுபவரின் பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இலண்டனுக்குச் சென்ற நம் நாட்டு மாணவர்களுக்கும் இந்த அனுபவம் புதிதன்று.

பெயர் என்பதே இங்கே மையமான சிக்கல். தீவுகளின் பூர்வகுடியினரை ஸ்பானியர் அழைத்த சொல் 'இந்தியோ'. கொலம்பஸின் பிழையிலிருந்து அமெரிக்காவில் ஒட்டிக்கொண்டு, பசிபிக்கைக் கடந்து மணிலாவுக்கு வந்த சொல் அது. நம் நாட்டின் பெயர் இவ்வளவு தூரம் சுற்றி ஒரு வசைச்சொல்லாகச் சென்று சேர்ந்தது விந்தைதான். 'ஃபிலிப்பினோ' என்பது நெடுங்காலமாகத் தீவுகளில் பிறந்த ஸ்பானியரைக் குறித்தது. மணிலாவில் ஸ்பானியர், தீவில் பிறந்த ஸ்பானியர், கலப்பினத்தவர், இந்தியோ எனப் படிகள் பல. ஸ்பெயினில் அந்த நுட்பங்களை அறிய எவருக்கும் அக்கறை இல்லை. அந்த அறியாமை புண்படுத்தியது உண்மை. ஊரில் வெவ்வேறு படிகளில் நின்றவர்களை ஒரே பெயருக்குள் சேர்த்ததும் அதே அறியாமைதான். பழைய பள்ளித் தோழர்கள் அவரைப் பார்சலோனா காபிக்கடையில் வரவேற்றபோது ஊர்ச்செய்திகளைப் பேசிக் களித்தனர். 'ஃபிலிப்பினோ' என்ற சொல் அவர்கள் அனைவருக்கும் பொருந்தத் தொடங்கியது இத்தகைய மேசைகளைச் சுற்றித்தான்.

அங்கே அவர் முதலில் எழுதியது தாய்நாட்டுப் பற்றைப் பற்றிய கட்டுரை என்பது தற்செயலாக இருக்க முடியாது. 'லாவோங் லான்' என்ற புனைபெயரில் ஸ்பானிய மொழியில் எழுதி மணிலாவுக்கு அனுப்பினார். 'தியாரியோங் தகாலோக்' என்ற இருமொழி நாளேடு அதை ஆகஸ்ட் 20 அன்று, மார்செலோ எச். தெல் பிலாரின் தகாலோக் மொழிபெயர்ப்புடன் வெளியிட்டது. வந்து இரண்டு மாதம் கடந்திருந்தது. பாடம் இன்னும் தொடங்கவில்லை. கோடை விடுமுறை.

பசியானோவின் அறிவுரைப்படி அவர் மாட்ரிட்டுக்குச் சென்று, நவம்பர் 3ஆம் நாள் மத்தியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், தத்துவமும் இலக்கியமும் என இரு துறைகளில் ஒருசேரச் சேர்ந்தார். மணிலாவில் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் அவர் விட்டுவந்த வகுப்பறை எப்படிப்பட்டது என்பதற்கு 1891இல் வெளிவந்த 'எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ' நாவலின் இயற்பியல் வகுப்பு அத்தியாயத்தைப் படிக்கலாம். கருவிகள் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். மாணவர் கண்ணாடி வழியே பார்க்கலாம், தொடக் கூடாது. பேராசிரியரான துறவி மாணவரை 'நீ' என்று ஒருமையில் ஏசுகிறார். பிளாசிதோ என்ற மாணவர் ஒரு நாள் அந்த ஏச்சை ஏற்க மறுத்து எழுந்து வெளியேறுகிறார். புனைவை வாழ்க்கை ஆவணமாகக் கொள்வது எச்சரிக்கையோடு செய்யவேண்டியது. ஆயினும் ஐரோப்பாவில் பல ஆண்டுகள் படித்த பின்பும் ரிசாலின் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது பாடத்திட்டத்தின் குறையை விட, அந்த விளிச்சொல்தான் என்று தோன்றுகிறது.