நாதனார் கோயில் என்னும் இராசராசப் பெரும்பள்ளி

திருக்கோணமலைத் துறைமுகத்திற்கு வடக்கே சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி எனக் கடலோர ஊர்கள் தொடர்ந்து அமைந்துள்ளன. அவற்றிற்கு மேற்கே, பெரியகுளத்தின் அண்மையில், பழைய பௌத்தப் பள்ளியொன்றின் இடிபாடுகள் காணப்படுகின்றன. சிங்கள வழக்கில் அது வெல்கம் விகாரை. சுற்றிலும் வாழ்ந்த தமிழ் மக்கள் வாயில் நாதனார் கோயில். சோழர் காலத்துக் கல்லெழுத்துக்களில் இராசராசப் பெரும்பள்ளி.

தமிழரெல்லாம் சைவர், பௌத்தரெல்லாம் சிங்களவர் என்று எளிதாக எண்ணிவிடுவோர்க்கு இப்பள்ளி ஒரு தடை. இங்குக் கிடைத்த தமிழ்ச் சாசனங்கள் பெரும்பாலும் முதலாம் இராசேந்திரன் (1014–1044) காலத்தைச் சார்ந்தவை. ஆதித்தப் பேரரையன் என்பான் நந்தாவிளக்கு ஒன்றிற்கு 84 பசுக்களை அளித்த செய்தியை அவற்றுள் ஒன்று கூறுகின்றது. இதனைச் சிறு கொடையென்று கடந்துவிடுதல் தகாது. சோழ நாட்டு வழக்கின்படி இத்தகைய கால்நடைகள் இடையர் வசம் ஒப்புவிக்கப்படும். அவர்கள் நாள்தோறும் நெய் அளந்து வருவர். மந்தை குறையாது காத்தலும் அவர் கடனே. ஆகவே ஒரு விளக்கின் பின்னே மேய்ச்சல் நிலமும், மேய்ப்போர் குடும்பங்களும், கணக்கும் காவலும் இருந்தன. கம்போச நாட்டுக் கெமர் மக்களிடையே பௌத்தப் பள்ளி கல்விக்கும் ஊர்ப் பொதுவாழ்விற்கும் நடுவிடமாய் விளங்கியது போலவே, இங்கும் வழிபாடு ஊர்த் தொழிலோடு பிணைந்திருந்தது.

அண்மையிலுள்ள நிலாவெளிச் சாசனம் கோணமாமலைச் சிவன் கோயிலுக்கு 250 வேலி நிலம் விடப்பட்டதைத் தெரிவிக்கின்றது. ஒரே வட்டாரத்தில் ஈசன் கோயிலுக்கு நிலமும் புத்தர் பள்ளிக்குப் பசுக்களும் தமிழிலேயே எழுதி வழங்கப்பட்டன!

அநுராதபுரத்து விகாரைகளைச் சோழர் சூறையாடினர் எனச் சூளவம்சம் பழிக்கும். அப்பழி முற்றும் பொய்யென்பதற்கில்லை. எனினும் அதே அரசு நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை விட்டுக் கொடுத்தது. பின்னாளில் அவ்விகாரமும் இராசராசப் பெரும்பள்ளி என்றே பெயர் பெற்றது. கடல் வணிகமும் குடிகளின் இணக்கமும் வேண்டிய பேரரசு துறைமுகங்களை அணுகிய முறை வேறு. பகைவன் தலைநகரை அணுகிய முறை வேறு போலும்.

1070-ஆம் ஆண்டளவில் சோழரை அகற்றிய முதலாம் விசயபாகு புதுக்கிய விகாரைகளுள் இதுவும் எண்ணப்படுகின்றது. சோழன் பெயர் தாங்கியது என்பதற்காக அவன் இதனைக் கைவிடவில்லை. பிற்காலத்தில் பௌத்தம் தமிழரிடையே மறைந்தது; ஆயினும் நாதனார் கோயில் என்ற பெயர் மட்டும் அவ்வூர் மக்கள் நாவினின்று நீங்கவில்லை.