வருங்காலத்திற்கென ஒதுக்கிய உண்மை

போர்க்காலத்தில் குடிமக்கள் தம் தலைவர்கள்மீது வைக்கும் நம்பிக்கை பெரிது. நாம் அறியாதவற்றை அவர்கள் அறிவார்கள் என்னும் எண்ணமே அதற்கு அடிப்படை. வியட்நாம் போரின்போது, தலைவர்கள் அறிந்தவற்றைத் தாமும் அறியும் வாய்ப்பைப் பெற்ற ஒருவர் இருந்தார். அந்த அறிவே அவருடைய நம்பிக்கையைத் தகர்த்தது. அவர் டானியல் எல்ஸ்பெர்க்.

1931-இல் சிக்காகோவில் பிறந்த எல்ஸ்பெர்க், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றவர்; மரைன் படைப்பிரிவில் அதிகாரியாகப் பணியாற்றியவர்; பின்னர் ராண்ட் நிறுவனத்தில் படைத்துறை ஆய்வாளராக விளங்கியவர். தொடக்கத்தில் அவர் போரை எதிர்த்தவர் அல்லர். பொதுவுடைமை பரவுவதைத் தடுப்பது தம் நாட்டின் கடமை என்றே நம்பினார்.

1964 ஆகஸ்டில் அவர் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனில் பணியில் சேர்ந்தார். ஆகஸ்டு 4 அன்று, டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் தாக்கப்படுவதாக அடுத்தடுத்துத் தந்திகள் அவர் மேசைக்கு வந்தன. சில மணி நேரத்தில், களத்தில் இருந்த தளபதியே வேறொரு தந்தி அனுப்பினார். முந்தைய செய்திகளுள் பல ஐயத்திற்குரியவை. முழுமையாக ஆராய்ந்த பின்னரே மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஆயினும் அன்றிரவே குடியரசுத் தலைவர் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, தாக்குதல் நடந்தது உறுதி என்பதுபோல் பேசி, பதிலடியை அறிவித்தார். மூன்றே நாளில், போரை நடத்தும் அதிகாரத்தைப் பிரதிநிதிகள் அவை 416-0 என்றும், செனட் அவை 88-2 என்றும் வாக்களித்து அவருக்கு வழங்கின. ஆகஸ்டு 4-ஆம் நாள் அத்தகைய தாக்குதல் எதுவும் நடைபெறவில்லை என்பது இன்று தெளிவு.

இந்த ஒரு நிகழ்ச்சியால் எல்ஸ்பெர்க்கின் மனம் மாறிவிடவில்லை. 1965 முதல் ஈராண்டுகள் வியட்நாமிலேயே தங்கி, சிற்றூர்களுக்குச் சென்று போரை நேரில் கண்டார். 1966 அக்டோபரில் பாதுகாப்புத் துறைச் செயலர் இராபர்ட் மக்னமாராவுடன் ஒரே விமானத்தில் நாடு திரும்பினார். நிலைமை முன்னைவிட மோசமாகிவிட்டது என்று வானில் வாதிட்ட அதே செயலர், தரையிறங்கியதும் நிருபர்களிடம் எல்லாத் துறையிலும் முன்னேற்றம் காண்பதாகக் கூறினார். இதை எல்ஸ்பெர்க் பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

1967-இல் மக்னமாரா, வியட்நாமில் அமெரிக்கா தலையிட்ட வரலாற்றை 1945 முதல் ஆராய்ந்து தொகுக்குமாறு கமுக்கமாகப் பணித்தார். வருங்கால ஆய்வாளர்கள் படிப்பினை பெற வேண்டும் என்பது அவர் நோக்கம். 47 தொகுதிகளாக, ஏறத்தாழ 7,000 பக்கங்களில் அது நிறைவெய்தியது. அதை எழுதியவர்களுள் எல்ஸ்பெர்க்கும் ஒருவர். முழுவதையும் படித்த மிகச் சிலருள்ளும் ஒருவர். தலைவர்கள் தவறான ஆலோசனையால் வழிதவறினர் என்றே அதுவரை எண்ணியிருந்தார். ஏடுகள் வேறு கதை கூறின. ட்ரூமன், ஐசனோவர், கென்னடி, ஜான்சன் ஆகிய நால்வருக்கும் உரிய எச்சரிக்கைகள் கிடைத்திருந்தன. வெற்றி அரிது என அறிந்தும், தோற்றவர் என்னும் பெயருக்கு அஞ்சியே அவர்கள் போரை நீட்டித்தனர் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அறியாமையை மன்னிக்கலாம், அறிந்தே செய்ததை எவ்வாறு மன்னிப்பது?

1969 ஆகஸ்டில், கட்டாயப் படைச்சேர்ப்பை மறுத்துச் சிறைசெல்ல அணியமாயிருந்த ஓர் இளைஞரின் உரையைக் கேட்டு எல்ஸ்பெர்க் தனியே சென்று அழுதார். அக்டோபர் 1 அன்று, நண்பர் அந்தோணி ருசோவின் துணையோடு, இரவுகளில் அந்த ஏடுகளைப் படியெடுக்கத் தொடங்கினார். ஒருநாள் தம் 13 வயது மகனையும் உடன் அழைத்துச் சென்றார். தாம் சிறைப்பட்டால், தந்தை வெறிபிடித்தல்ல, நிதானமாகவே இதைச் செய்தார் என்பதை மகன் அறிந்திருக்க வேண்டும் என்று கருதினார்.

செனட்டர்கள் சிலரை அணுகியும் பயனில்லை. 1971 ஜூன் 13 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' நாளேடு அவற்றை வெளியிடத் தொடங்கியது. அரசு தடை கோரியது. ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் அதை மறுத்தது. எல்ஸ்பெர்க்மீது 115 ஆண்டுகள் வரை சிறை விதிக்கத்தக்க குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தில் வெள்ளை மாளிகை ஏவிய ஆட்கள் திருட்டுத்தனமாகப் புகுந்தது உள்ளிட்ட அரசின் முறைகேடுகள் அம்பலமாகவே, 1973 மே 11 அன்று வழக்குத் தள்ளுபடியானது.

மக்னமாராவின் மனச்சான்றும் உறங்கிவிடவில்லை. 1967 நவம்பரில் குண்டுவீச்சை நிறுத்துமாறு ஜான்சனுக்கு எழுதினார். 1968 பிப்ரவரியில் பதவியை விட்டு நீங்கி உலக வங்கிக்குச் சென்றார். தாம் அறிந்ததை மக்களிடம் சொல்லவில்லை. தவறு செய்தோம் என்று நூலில் அவர் ஒப்புக்கொண்டது 1995-இல். இப்போரில் மாண்ட 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கருள் பாதிக்கு மேற்பட்டோர் அவர் பதவி நீங்கிய பின் இறந்தவர்கள். வியட்நாமியரின் இறப்போ பல இலட்சம்.

மக்னமாராவின் மௌனத்தைப் பதவிக்குரிய விசுவாசம் என்று கூறுவோர் உண்டு. அது யாருக்குக் காட்டிய விசுவாசம் என்பதே கேள்வி. ஒரே ஏடுகளை, ஒருவர் வருங்கால அறிஞருக்கென ஒதுக்கிவைத்தார்; மற்றவர், அடுத்த மாதம் போருக்கு அனுப்பப்படவிருந்த இளைஞனுக்கும், அடுத்த குண்டு விழவிருந்த சிற்றூருக்கும் உரியவை எனக் கண்டார்.

அந்த வெளியீட்டால் போர் உடனே ஓய்ந்துவிடவில்லை. சைகோன் நகர் 1975 ஏப்ரலில்தான் வீழ்ந்தது. ஏடுகள் அனைத்தையும் அரசு தானே முழுமையாக வெளியிட்டது 2011-இல். எல்ஸ்பெர்க் 2023 ஜூனில், தம் 92-ஆம் வயதில் காலமானார். தலைவர்கள்மீது நம்பிக்கை இழந்தவர்கள் பலர் கசப்போடு ஒதுங்கிவிடுகின்றனர். அவரோ, தலைவர்கள்மீது இழந்த நம்பிக்கையை மக்கள்மீது வைத்தார். அறிந்தால் மக்கள் மாறுவர் என்று நம்பினார். அந்நம்பிக்கைக்கு நாம் தகுதியுடையவர்களாக இருக்கின்றோமா என்பதை, போர் முழக்கம் எழும் ஒவ்வொரு முறையும் நம்மை நாமே கேட்டுக்கொள்வது நன்று.