நேர் அச்சும் தூக்கிய அச்சும்

ஒரு சாண் உயரக் கல். அதன் முன் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்த ஒரு ஜீப் நிற்கிறது. முன் டயர் கல்லைக் கவ்வி ஏறப் பார்க்கிறது. அதே நேரம் வண்டியின் உடம்பு ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது, எதிர்ப்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழுகிறது. ஓட்டுபவர் விசையை விட்டுவிடுகிறார். ரிமோட் ராக் க்ராலர் ஓட்டும் எவருக்கும் இந்தத் திருகல் பழகிய தலைவலி. மிக்ஸியில் கெட்டித் துவையல் அரைத்தால் மிக்ஸியே சுழலப் பார்க்குமே, அதே கதைதான். மோட்டாரின் விசையைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் அச்சைச் சுழற்ற முயல, அதன் எதிர்விசை சேசிஸைத் திருகுகிறது.

இந்தத் தலைவலிக்கு இரண்டு வண்டிகள் இரண்டு விதமாக மருந்து தேடின. ஒன்று, 2016இல் வந்த ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10 இரண்டாம் பதிப்பு. ஜீப் செரோக்கியின் மேலுடம்பு. மற்றது, 2017இல் வந்த டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4. லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் மேலுடம்பு. இரண்டையும் செய்தவை அமெரிக்க நிறுவனங்கள். டாமியா நிறுவனத்தின் கிளாட் பஸ்டர் வண்டியை (1987) வெட்டி ஒட்டிப் பாறை ஏற்றிய காலம் முன்பு ஒன்று இருந்தது. 2007இல் ஆக்சியலின் ஏஎக்ஸ்10 ஸ்கார்ப்பியன் வந்து, பாறை ஏறுவதற்கென்றே செய்த வண்டியைக் கடையில் வாங்கலாம் என்றாக்கியது. இங்கே ஒப்பிடும் இரண்டும் அதற்குப் பிந்தைய தலைமுறை.

செரோக்கி முதலில் கிட்டாக வந்தது. பெட்டியில் மோட்டார் இல்லை, சர்வோ (ரிமோட் சொல்படி பாகங்களைத் திருப்பும் குட்டி மோட்டார்) இல்லை, ரேடியோவும் இல்லை. திருகும் தட்டும் பல்சக்கரமும்தான். முதன்முறை கட்டுபவருக்கு ஷாக் அப்சார்பரிலேயே ஒரு மாலை போய்விடும். குழாயில் எண்ணெய் ஊற்றி, பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் அசைத்து, கடைசிக் குமிழி வெளியேறும்வரை பொறுத்து, அப்புறம்தான் மூடியை இறுக்க வேண்டும். அவசரப்பட்டால் நான்கு ஷாக்கும் நான்கு விதமாக வேலை செய்யும். உலோகத்தில் உலோகம் ஏறும் திருகுக்கு நீலப் பசை ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் ஏறும் திருகுக்கு அது கூடாது. பாலிகார்பனேட் மேலுடம்புக்குப் பெயிண்டை உள்பக்கமாக அடிக்க வேண்டும். வெளியே முதலில் தெரிய வேண்டிய நிறத்தை முதலில் அடிக்க வேண்டும் என்பது ஒருமுறை கெடுத்த பிறகே பலருக்கு மனதில் பதிகிறது.

டிஃபெண்டர் அப்படி இல்லை. பேட்டரியும் சார்ஜரும் தனியாக வாங்கினால் போதும், அன்றே ஓட்டலாம். (பின்னாளில் அதன் சேசிஸைக் கிட்டாகவும் விற்றார்கள்.)

வித்தியாசத்தின் வேர் அச்சில் இருக்கிறது. செரோக்கிக்கு நேர் அச்சு. சக்கரத்தின் நடுவும் அச்சின் நடுவும் ஒரே மட்டம். டிஃபெண்டருக்குப் போர்ட்டல் அச்சு. சக்கரத்துக்கு அருகே இன்னொரு பல்சக்கர ஜோடி இருப்பதால் அச்சு சக்கரத்தின் நடுவுக்கு மேலே தூக்கி நிற்கிறது. ஜெர்மனியின் உனிமோக் லாரியில் இருக்கும் அதே ஏற்பாடு. அடிவயிறு கல்லில் இடிப்பது குறைகிறது என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு: வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டும் வேலையில் ஒரு பங்கு சக்கரத்தருகே நடந்துவிடுவதால், ஷாஃப்டின் மேல் விழும் முறுக்கு குறைகிறது. மேலே சொன்ன திருகலும் அதனால் தணிகிறது. செரோக்கிக்காரர் அதே நோயை ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஒரு பக்கம் மாற்றியும் அச்சைச் சட்டத்தோடு இணைக்கும் லிங்குகளின் கோணத்தைச் சரிசெய்தும் கையால் தணிக்கிறார். அப்படியும் முழுக்கப் போகாது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். உண்மையான டிஃபெண்டருக்குப் போர்ட்டல் அச்சு கிடையாது. உண்மையான செரோக்கிக்குத் தனிச் சட்டமே இல்லை, உடம்புதான் சட்டம். பொம்மைக்கோ எஃகுச் சட்டம். செரோக்கியின் அச்சிடைத் தூரம் 101.4 அங்குலம். பத்தில் ஒன்று என்றால் 258 மி.மீ. வர வேண்டும், வண்டியில் இருப்பது சுமார் 313. டிஃபெண்டர் 110இன் கணக்குப்படி 279 வர வேண்டும், இருப்பது 324. அசலைப் போல் இருக்க வேண்டும் என்று புருவம் சுளிக்கும் ஆட்களே பாறை ஏறுவதற்காக இந்தப் பொய்யை மன்னித்துவிடுகிறார்கள்.

போட்டியில் என்ன ஆகிறது? பாறைகளுக்கு நடுவே குச்சிகளை நட்டு வாயில்கள் வைத்திருப்பார்கள். வாயில் குச்சியை இடித்தாலும், பின்னால் எடுத்தாலும் தண்டப் புள்ளி. குறைந்த புள்ளிக்காரர் ஜெயிப்பார். அசல் தோற்றத்துக்கான போட்டிகளில் ஏணி, சாமான் கூடை போன்றவற்றை வைத்திருந்தால் தண்டத்தில் கொஞ்சம் கழிப்பார்கள். செரோக்கியின் முன்பின் அச்சுகள் இரண்டும் ஸ்பூல், அதாவது இடது வலது சக்கரங்கள் எப்போதும் ஒன்றாகவே சுழலும். கல்லில் பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் நெருக்கமான வளைவில் திரும்பாது, ஒருமுறை பின்னால் எடுக்க வேண்டிவரும். டிஃபெண்டரில் இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலை ரிமோட்டிலிருந்தே பூட்டலாம், விடுவிக்கலாம், கியரும் மாற்றலாம். வளைவில் விடுவித்துத் திரும்பி, கல்லுக்கு முன் பூட்டிக்கொண்டு ஏறிவிடுகிறது.

ஆனால் இந்த வசதிக்காக ஸ்டீயரிங் சர்வோவோடு மூன்று குட்டிச் சர்வோக்கள், அவற்றின் கம்பிகள், கேபிள்கள். சேற்றுத் தண்ணீரில் ஓட்டிய பிறகு ஒரு டிஃபரன்ஷியல் பூட்டாமல் நின்றால், குறை எங்கே என்று தேடுவது சுலபமல்ல. செரோக்கியில் தேட ஒரே ஒரு சர்வோதான். ஒவ்வொரு திருகையும் போட்டவர் நீங்களே என்பதால் பாறையடியில் பத்து நிமிடத்தில் திறந்து பார்த்துவிடலாம். தூக்கிய அச்சு சேசிஸையும் கொஞ்சம் உயர்த்துவதால், பக்கவாட்டுச் சரிவில் டிஃபெண்டர் சற்றுச் சீக்கிரம் கவிழ்கிறது என்பது என் எண்ணம். சக்கரங்களுக்கு அருகே பித்தளைப் பாகங்களைப் போட்டு எடையைக் கீழே இறக்கினால் ஓரளவு சரியாகும்.

என் தீர்ப்பு இது. அடுத்த வாரம் போட்டி, கையில் வண்டி இல்லை என்றால் டிஃபெண்டர். ஒரு வருடம் பொறுக்க முடியுமானால் செரோக்கி. அது எங்கே தோற்கிறது என்பதை அதைக் கட்டிய கை சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். எதை வாங்கினாலும் மோட்டாரில் பணம் போடுவதற்கு முன் பெட்டியோடு வந்த டயரைக் கழற்றி, மென்மையான ரப்பர் டயரைப் போடுங்கள்.